அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் படியேறினார் ஒரு தந்தை. திருமணமாகாத அவருடைய 27 வயது மகள் கருவுற்றிருந்தாள். கரு 20 வாரங்களைத் தாண்டிவிட்டது. மகளின் மனநிலை சரியில்லை, எனவே கருவைக் கலைக்க அனுமதி வேண்டும் என்பது அவருடைய மனு. ஆனால் மகளுக்கு அந்தக் குழந்தை வேண்டும். அது வீட்டாருக்கும் தெரியும். தெரிந்தும், முடிவெடுக்க வேண்டியது தாங்கள்தான் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் நீதிமன்றம் அறிக்கை கேட்டது. அந்தப் பெண்ணுக்கு மனநோய் எதுவும் இல்லை, அறிவுத்திறன்தான் சராசரியைவிடக் குறைவு, கருவில் எந்தக் குறையும் இல்லை என்று குழு தெரிவித்தது. நீதிபதிகள் ரவீந்திர குகே, ராஜேஷ் பாட்டீல் அமர்வு அப்போது எழுப்பிய கேள்வி நாடெங்கும் செய்தியானது. சராசரியைவிட அறிவு குறைந்தவள் என்பதற்காக ஒருத்திக்குத் தாயாகும் உரிமை இல்லாமல் போய்விடுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது நம்மில் பலருக்கு அந்தத் தந்தையின் மீதுதான் முதலில் இரக்கம் வந்திருக்கும். தள்ளாத வயதில் மகளையும் பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளையையும் யார் வளர்ப்பது? அந்தக் கவலை பொய்யல்ல. இப்படியொரு பிள்ளை இருக்கும் வீட்டின் பாரம் அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். நாம் இங்கே யார் மீதும் குற்றப்பத்திரிகை வாசிக்க வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மும்பையோடு நின்றுவிடுவதில்லை. நம் தெருவிலும், நம் சொந்தத்திலும், சில நேரம் நம் சொந்த வீட்டிலும் அது காத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 15 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேரிடம் அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்பட்டிருக்கும்?

ஒரு விளக்கம் இங்கே தேவை. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையில் குணமாகலாம். அறிவுசார் குறைபாடு சிறு வயதிலிருந்தே இருப்பது. கற்றுக்கொள்வது, கணக்குப் பார்ப்பது, காரண காரியத்தைப் பிரித்தறிவது இவையெல்லாம் மெதுவாக நடக்கும். முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றார்கள். தெருவில் சொல்லப்படும் சொற்களை இங்கே எழுத மனம் வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் நடந்த அநீதிகள் ஏராளம். உச்ச நீதிமன்றம்வரை சென்ற ஒரு வழக்கின் முடிச்சே இதுதான்.

சண்டிகர் வழக்கு

2009ஆம் ஆண்டு. சண்டிகரில் அரசு நடத்தும் ஒரு பெண்கள் காப்பகத்தில் இருந்த பெண் அவள். பெற்றோர் இல்லை. வயது இருபதை ஒட்டியிருக்கும். லேசான அறிவுசார் குறைபாடு. காப்பகத்தில் இருக்கும்போதே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றிருப்பது தெரிய வந்தது. சண்டிகர் நிர்வாகம் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தை அணுகியது. உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு அவளிடம் பேசியது. குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புவதாக அவள் சொன்னாள். இருந்தும், கருவைக் கலைக்கவே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 21 அன்று உத்தரவுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று விரிவான தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான பி. சதாசிவம், பி.எஸ். சவுகான் ஆகிய மூவர் அமர்வு அது. கருக்கலைப்புச் சட்டத்தின்படி, பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாகப் பாதுகாவலரின் சம்மதம் போதும் என்பது இரண்டே நிலைகளில்தான்: அவள் 18 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது மனநோயாளியாக இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு அந்தச் சட்டம் சொல்லும் மனநோய்க்குள் வராது. ஆகவே அவளுடைய சம்மதம் இல்லாமல் யாரும், அரசேகூட, அவள் உடலில் கை வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவளுடைய எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நீதிபதிகள், அந்தக் கவலைக்காக அவள் முடிவைப் பறிக்கவில்லை. அவளுக்குத் துணை நிற்கும் பொறுப்பை மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள்.

இப்படியொரு தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னே போக வேண்டும். 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்கள் சிலருக்கு, புனே சசூன் மருத்துவமனையில் வைத்துக் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய் நாட்களில் அவர்களால் சுத்தமாக இருக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தப் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒருவர் விஷயம் புரிந்து தாமாகச் சம்மதிக்காமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவ முறையையும் அவருக்குச் செய்யக் கூடாது. ஆனாலும் வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்மாரிடம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று யோசனை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த யோசனை சட்டப்படி குற்றத்தில் போய் முடியும் என்பதை அந்தத் தாய்மார் அறிந்திருப்பது நல்லது.

18 வயதுக்குப் பிறகு யார் பொறுப்பு?

ஐ.நா. பொதுச் சபை 2006 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2007 அக்டோபரில் இந்தியா அதை உறுதிசெய்தது. அதன் 12ஆம் பிரிவுதான் இந்த விவகாரத்தின் வேர். மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் மற்றவர்களுக்குச் சமமாகச் சட்டத் தகுதி உண்டு. அதைப் பயன்படுத்த அவர்களுக்கு உதவி தேவைப்பட்டால் அந்த உதவியைத் தருவது அரசின் கடமை என்று அது சொல்கிறது. இந்த உடன்படிக்கையை ஒட்டித்தான் 2016 சட்டம் எழுதப்பட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 13, 14ஆம் பிரிவுகளை ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சொத்து வைத்திருக்க, வாரிசுரிமை பெற, தன் பணத்தைத் தானே நிர்வகிக்க மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு என்கிறது 13ஆம் பிரிவு. ஒரு கொடுக்கல் வாங்கலில் உதவி செய்கிறவருக்கே ஆதாயம் இருந்தால், அந்த விஷயத்தில் அவர் உதவி செய்யாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

14ஆம் பிரிவு பாதுகாவலரைப் பற்றியது. சட்டம் இங்கே கொண்டுவந்திருப்பது 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்ற முறை. ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், இருவரும் கலந்து பேசி, அந்த மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டி எடுக்கும் கூட்டு முடிவு. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரானாலும், இந்தச் சட்டம் வந்த நாள் முதல் அவர் வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே செயல்பட வேண்டும்.

ஏட்டில் இப்படி. நாட்டில் எப்படி?

பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், உம்மா வாப்பா உட்பட எவரும் சட்டத்தின் கண்ணில் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட முடியாது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. வங்கிக்குப் போகும்போதுதான் தெரிய வருகிறது. 'லீகல் கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்க' என்பார்கள். அந்தச் சான்றிதழைத் தருவது 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர் அளவிலான குழு. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என மூன்று பேர் அதில் இருப்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். இந்தக் குழு தரும் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சொல்லியிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்த நபருக்குப் பாதுகாவலர் தேவைதானா, தேவையென்றால் எந்தெந்தக் காரியங்களுக்கு என்று அந்தக் குழு முதலில் பார்க்க வேண்டும் என்பது 1999 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்தக் காரியத்துக்கு என்பதை விட்டுவிட்டு எல்லாக் காரியத்துக்கும் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தன் பெயரை எழுதத் தெரிந்த, ரூபாய் நோட்டை அடையாளம் காணத் தெரிந்த பையனுக்கும், உடன் ஒருவர் உட்கார்ந்து உதவினால் தானே கணக்கைக் கையாளக்கூடிய பெண்ணுக்கும் அதே சான்றிதழ்தான் கேட்கப்படுகிறது. 1999 சட்டமும் 2016 சட்டமும் இரண்டு காலத்துச் சிந்தனைகள். முன்னதைப் பின்னதற்கு ஏற்பத் திருத்தும் வேலையை ஒன்றிய அரசு செய்து முடிக்காமல் வைத்திருப்பது நம் பார்வையில் பெரிய குறை.

அயர்லாந்தில் 1871ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலச் சட்டம் ஒன்று இருந்தது. தகுதியற்றவர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் அந்த மனிதரின் எல்லா முடிவும் நீதிமன்றத்தின் கையில் போய்விடும். 2023 ஏப்ரல் 26 அன்று அது ஒழிக்கப்பட்டது. இப்போது அங்கே படிப்படியான ஏற்பாடு. விவரம் திரட்டிச் சொல்ல ஒருவர் துணை இருந்தால் போதுமா? சேர்ந்து முடிவெடுக்க ஒருவர் வேண்டுமா? இந்த இரண்டும் போதாத இடத்தில் மட்டும்தான் நீதிமன்றம் ஒரு பிரதிநிதியை நியமிக்கும். தென் அமெரிக்க நாடான பெரு இதைவிட முன்பே, 2018இல், மாற்றுத்திறனாளிகளை இப்படி முழுப் பாதுகாப்பில் வைக்கும் முறையை எடுத்துவிட்டது.

கைநாட்டு வாங்கும் பாசம்

நாம் சொல்லத் தயங்கும் இடத்துக்கு இப்போது வருகிறோம்.

வாப்பா மௌத்தாகிச் சில மாதம் கழித்துச் சொத்துப் பேச்சு வரும். அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசுவார்கள். அறிவுசார் குறைபாடுள்ள தம்பி திண்ணையில் இருப்பான். கடைசியில் பத்திர எழுத்தர் ஒரு விடுதலைப் பத்திரத்தோடு வருவார். 'ஒனக்கு நாங்க இருக்கோம்ல, இங்க கைய வைடா' என்று மை தடவிய கட்டைவிரலைப் பிடித்து வைப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே வைப்பான். அண்ணன்மார் அவன் மீது வைத்திருக்கும் பாசத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அந்த அண்ணன்மாரின் பிள்ளைகள் வளர்ந்து, வீடு கைமாறி, மருமகள்மார் வந்த பிறகு, அந்தத் தம்பி எந்தத் திண்ணையில் உட்காருவான் என்று அந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?

முஸ்லிம் வாரிசுரிமையில் மாற்றுத்திறனாளிக்கு ஒரு இம்மியும் குறைவு கிடையாது. ஆணுக்கான பங்கோ பெண்ணுக்கான பங்கோ, அல்லாஹ் விதித்தது அப்படியே உண்டு. நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்கக் கூடியவராக இருக்க வேண்டும் என்கிறது. விளக்கிச் சொல்லாமல் வாங்கிய கைநாட்டு நீதிமன்றத்தில் நிற்காது. மேலே ஒரு வாக்கியத்தை நினைவில் வைக்கச் சொன்னோமே, அது இங்கேதான் பொருந்துகிறது. பங்கு விட்டுக்கொடுக்கப்படுவதால் யாருக்கு லாபமோ, அவரே அந்தத் தம்பிக்கு 'எடுத்துச் சொல்கிறவராக' இருக்கக் கூடாது. குடும்பத்துக்கு வெளியே ஒருவர், அவன் படித்த சிறப்புப் பள்ளி ஆசிரியராகவோ தாய்மாமனாகவோ இருக்கலாம், அவனோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

சொத்தில்லாத வீட்டில் இது வேறு வடிவத்தில் நடக்கிறது. காலையிலிருந்து இரவுவரை அண்ணனின் கடையில் மூட்டை இறக்குவான், பெருக்குவான், டீ வாங்கி வருவான். சம்பளம் கிடையாது. 'அவனுக்கு எதுக்குக் காசு, மூணு வேளையும் சாப்பாடு போடுறோம்ல' என்பது பதில். தமிழ்நாடு அரசு இவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். அதில் 200 ரூபாயை அவன் கையில் கொடுத்து, உனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறோமா? முதல் வாரம் ஏமாந்து வருவான். அதற்காக யாரும் அவனை ஏசக் கூடாது. நாமும் முதல்முறை கடைக்குப் போனபோது ஏமாந்துதான் வந்தோம்.

வாக்குரிமையும் இப்படித்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. மருத்துவச் சான்றோ மாற்றுத்திறனாளி அட்டையோ அந்த அறிவிப்பு ஆகாது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நம் மாநிலத்தில் தொடங்கியபோது எல்லோருடைய படிவத்தையும் பதற்றத்தோடு நிரப்பினோம். அந்தப் பிள்ளையின் படிவத்தையும் நிரப்பினோமா, அல்லது 'அவனுக்கு எதுக்கு' என்று ஓரமாக வைத்தோமா?

நிகாஹ் விஷயத்தில் நம் ஜமாஅத்துகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி, மறைத்துக் கட்டிவைக்கப்பட்ட பெண்கள் சில வாரத்தில் திரும்பி வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. வகீலும் சாட்சிகளும் வந்து சம்மதம் கேட்கும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியம்மா 'தலையாட்டு' என்று இடித்தால் அவள் தலையாட்டிவிடுவாள். பதிவேட்டில் கையெழுத்தும் ஏறிவிடும். இன்னொரு பக்கம், துணை வேண்டும் என்று வாய்விட்டே சொல்லக்கூடிய, குடும்பம் நடத்தக்கூடிய அளவுக்கு லேசான குறைபாடு உள்ளவர்களிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்.

மார்க்கத்தில் முன்னுதாரணம் இல்லையா?

'அவங்க ஜன்னத்துப் பிள்ளைங்க, கேள்வி கணக்கு இல்லாதவங்க' என்று நம் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அறிவில்லாதவர் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிமொழியின் கருத்திலிருந்து வந்த பேச்சு அது. ஆனால் கடமையிலிருந்து கிடைத்த விலக்கு உரிமையின் பறிப்பு ஆகிவிடாது. அறிவு குறைந்தவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்ற அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதே வசனம் அந்தச் செல்வத்திலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்கச் சொல்கிறது, அவர்களிடம் நல்ல விதமாகப் பேசவும் சொல்கிறது. அடுத்த வசனம் அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் தெரிந்தால் சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. சோதித்துப் பார்ப்பது என்றால், சிறு பொறுப்பைக் கொடுத்துப் பார்ப்பதுதானே?

ஹனஃபி சட்ட நூல்கள் அறிவு மந்தமானவரை 'மஃதூஹ்' என்று குறிப்பிட்டு, விவரம் தெரிந்த சிறுவருக்குச் சமமாக வைத்து, அவருடைய செயல்களை வகை பிரிக்கின்றன. அவருக்கு முழுக்க நன்மையானது, உதாரணமாக அன்பளிப்பைப் பெற்றுக்கொள்வது, பொறுப்பாளரின் அனுமதி இல்லாமலே செல்லும். லாபம் நஷ்டம் இரண்டுக்கும் இடமுள்ள விற்பனை போன்றவை பொறுப்பாளரின் ஒப்புதலைப் பொறுத்தது. முழுக்கத் தீங்கானது, தன் பொருளைத் தானமாகக் கொடுத்துவிடுவது போன்றவை, பொறுப்பாளரே அனுமதித்தாலும் செல்லாது. திண்ணையில் நடந்த அந்தக் கைநாட்டை இந்த மூன்றில் எதில் வைப்பது என்று நம் ஆலிம்கள் ஜும்ஆ மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஹதீஸ் நூல்களில் ஒரு வியாபாரியின் செய்தி வருகிறது. அனஸ் (ரலி) அறிவிப்பாக அபூதாவூத், திர்மிதீ போன்ற நூல்களில் இடம்பெற்றுள்ளது. அறிவில் பலவீனம் இருந்த ஒருவர் சந்தையில் வாங்கி விற்று வந்தார். அவருடைய குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் வியாபாரம் செய்யத் தடை போடுங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் அவரையே அழைத்துப் பேசினார்கள், வியாபாரம் வேண்டாம் என்றார்கள். என்னால் அது இல்லாமல் இருக்க முடியாது என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு நபியவர்கள் தடையை வற்புறுத்தவில்லை. விட முடியாது என்றால், வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாற்று கூடாது என்று சொல்லிவிடு என்று கற்றுக்கொடுத்தார்கள். வேறு அறிவிப்புகளில், வாங்கிய பொருளைத் திருப்பித்தர மூன்று நாள் அவகாசமும் அவருக்குக் கொடுக்கப்பட்டதாக வருகிறது. தலையில் பட்ட காயத்தால் அவருக்கு அந்தப் பலவீனம் வந்தது என்றும் சொல்லப்படுகிறது.

குடும்பத்தாரின் கோரிக்கையில் நியாயம் இருந்தது, அவர் உண்மையிலேயே ஏமாந்துகொண்டிருந்தார். ஆனாலும் அவரைக் கேட்டார்கள், அவருடைய பதிலை ஏற்றார்கள், அவர் ஏமாறாமல் இருக்க ஒரு வழியையும் செய்து கொடுத்தார்கள். ஐ.நா. உடன்படிக்கை 'ஆதரவோடு முடிவெடுத்தல்' என்று இன்று பெயர் சூட்டும் முறைக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குத் தெரிந்து இல்லை.

பேசவே முடியாதவர்கள்

இதையெல்லாம் படிக்கும் ஒரு தாய், 'என் பிள்ளைக்குப் பேச்சே வராது, சோறு ஊட்டினால்தான் சாப்பிடுவான், அவனிடம் என்ன கேட்பது?' என்று கேட்பார். நியாயமான கேள்வி. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதுகாவலர் வேண்டும். பணம், சொத்து, அறுவை சிகிச்சை போன்றவற்றில் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதைச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் பேசாத பிள்ளைக்கும் விருப்பம் உண்டு என்பதை அந்தத் தாயைவிட நன்றாக அறிந்தவர் யார்? எந்த மாமி வந்தால் முகம் மலரும், யார் தொட்டால் உடம்பு சுருங்கும், எந்த அறையில் நிம்மதியாகத் தூங்குவான், எந்தச் சத்தம் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்கு மட்டுமே அத்துப்படி என்பதுதான் ஆபத்து. அவருடைய ஹயாத்துக்குப் பிறகு அந்த அறிவு அவரோடு போய்விடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதி வைக்கலாம். எழுத முடியாதவர் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம். நாளை பாதுகாவலராக வருகிறவருக்கு அந்த நோட்டைவிடப் பெரிய ஆவணம் கிடையாது.

பாதுகாவலர் சான்றிதழுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் எந்தெந்தக் காரியத்துக்கு என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். பெற்றோர் தங்கள் காலத்துக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசிவைப்பது நல்லது, அந்தப் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு. பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டுப் பலர் திகைப்பார்கள். பராமரிப்பில் குறை வைத்தாலோ சொத்தை முறைகேடாகப் பயன்படுத்தினாலோ, உறவினர் எவரும் மனுக் கொடுத்து அவரை நீக்கக் கோரலாம்.

சொத்து ஏற்பாட்டைப் பொறுத்தவரை, வாரிசுக்கு வஸிய்யத் எழுதுவது மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் செல்லாது. ஹயாத்தோடு இருக்கும்போதே முறைப்படி ஹிபா செய்து கையில் ஒப்படைப்பது, அல்லது 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்காக ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்துவது என்று வழிகள் உண்டு. ஒரு வழக்கறிஞரையும் ஒரு ஆலிமையும் ஒரே நாளில் உட்கார வைத்துக் கேட்டுக்கொள்வது நல்லது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுப்பார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் இரண்டு வேண்டுகோள். மஹல்லாவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எத்தனை என்று ஒரு கணக்கு எடுங்கள். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்து உங்களிடம் வரும்போது, வாரிசுகளில் அறிவுசார் குறைபாடு உள்ளவர் இருந்தால், அவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் புரிந்துகொள்ளும்வரை, இரண்டு மூன்று அமர்வு ஆனாலும் சரி, யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெருமானாரின் காலத்து அந்த வியாபாரியைப் பற்றி இன்னொரு செய்தியும் அறிவிக்கப்படுகிறது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்திலும், முதிர்ந்த வயதில், அவர் சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருவார். விலை அதிகம் கொடுத்துவிட்டாய் என்று வீட்டில் கடிந்துகொள்வார்கள். அவர் திருப்பித்தரப் போவார். கடைக்காரர் வாங்க மறுப்பார். அப்போது அந்த வழியே போகும் நபித்தோழர் ஒருவர் நின்று, இவர் சொல்வது உண்மைதான், இவருக்கு மூன்று நாள் அவகாசம் தரப்பட்டிருக்கிறது என்று சாட்சி சொல்லிவிட்டுப் போவாராம்.